காணப்படவில்லை

களப்படிவம் ஒன்றின் நான்காவது தாளில், பாலூட்டிகள் என்ற தலைப்பின் கீழ், 'வௌவால்' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு எதிரே 'காணப்படவில்லை' என்று எழுதியிருக்கிறது. எதிரே உள்ள சொல் என் கையெழுத்து. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் சின்னது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் கல் எடுத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று. பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். பள்ளத்தையும் அதன் ஓரத்து நிலத்தையும் சேர்த்துக்கொண்டு தொழிற்சாலை விரிய வேண்டும். அதற்கு முன்னால் அங்கே என்னென்ன ஜீவன்கள் இருக்கின்றன என்று யாராவது பார்த்து எழுதித் தர வேண்டும். இப்படி எழுதித் தருகிற ஆலோசனை நிறுவனம் ஒன்றில் என் நண்பனுக்கு வேலை. விலங்கியல் படித்தவன், கவிதை வாசிக்கிறவன், இந்தப் பத்திரிகைக்கு ஒரு வருஷம் சந்தா கட்டியவன் (புதுப்பிக்கவில்லை என்பது வேறு விஷயம்). கூட வரவேண்டிய உதவியாளர் வராமல் போனதால் என்னைக் கூப்பிட்டான். இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர இந்த வேலைக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

மே மாத வெயில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை பத்து மணிக்குப் போய் மாலை நாலரைக்குத் திரும்பினோம். நாலரைக்குத் தனியாகக் காரணம் எதுவும் இல்லை. வாடகைக் காரை ஐந்து மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். காகம், மைனா, செண்பகம், அணில், கீரி, ஓணான் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். வௌவால் வரி வந்ததும் பள்ளத்துக் காவல்காரரைக் கேட்டோம். அறுபதைத் தாண்டியவர், கல் உடைத்த காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர். "வௌவாலா? மரமே இல்லாத எடத்துல வௌவால் ஏது சார்?" என்றார். நண்பன் எதிர்ப்பக்கப் பாறைச் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தான். பகல் வெளிச்சத்தில் டார்ச் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதே தெரியவில்லை. "எழுதிக்கோ" என்றான். எழுதிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அறிக்கை ஆங்கிலத்தில் டைப் ஆகி வந்தபோது 'காணப்படவில்லை' 'இல்லை' ஆகியிருந்தது. கட்டத்தின் அகலம் போதாதென்று சுருக்கினார்களோ என்னவோ.

நான் பொய் எழுதவில்லை. இதுதான் எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. பொய் என்றால் வருத்தப்பட்டுவிட்டுப் போகலாம். அதற்கு நம்மிடம் பழக்கப்பட்ட உபாயங்கள் நிறைய இருக்கின்றன. காணப்படவில்லை என்பது அட்சரசுத்தமான உண்மை. நாங்கள் பார்த்தோம், காணவில்லை. ஆனால் அந்த உண்மை உண்மையாக இருப்பதற்கு நாங்கள் நாலரைக்குக் கிளம்பியாக வேண்டியிருந்தது. ஆறே முக்கால் வரை இருந்திருந்தால் அது உண்மையாக இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி; அந்தக் கேள்வி எழாதபடி கார் எங்களைக் காப்பாற்றியது. ஒரு பொய் செய்யவேண்டிய காரியத்தை முழுக்க உண்மையான ஒரு வாக்கியத்தைக் கொண்டு செய்துவிட முடிகிறது.

இன்மையை எப்படி அறிகிறோம் என்பது நம் தர்க்க மரபில் நன்றாக உழுத நிலம். மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், அளவைவாதி சொல்கிற பத்துப் பிரமாணங்களில் அபாவமும் ஒன்று. குமாரிலபட்டர் வழி வந்த மீமாம்சகர்கள் இதற்கு அனுபலப்தி, அதாவது காணாமை, என்று தனி ஆசனமே போட்டுக் கொடுத்தார்கள். அத்வைதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். தனிப் பிரமாணம் எதற்கு, இன்மையையும் கண்ணே கண்டுகொள்கிறது என்றார்கள் நையாயிகர்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் சண்டைக்கு நடுவிலும் இரண்டு தரப்பும் கைவிடாத ஒரு நிபந்தனை உண்டு. காணாமை எதையாவது நிரூபிக்க வேண்டுமானால், அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற நிலைமை வேண்டும். யோக்யதை என்பது அதற்குப் பெயர். தரையில் குடம் இல்லை என்று விளக்கு எரியும்போது சொல்லலாம். இருட்டில் நின்றுகொண்டு குடம் இல்லை என்று சொல்கிறவனை எந்தக் கட்சியும் சேர்த்துக்கொள்ளாது.

எங்கள் கேஸில் விளக்கும் இருட்டும் இடம் மாறிவிட்டன. குடத்தைத் தேட வெளிச்சம் எப்படியோ அப்படி வௌவாலைத் தேட அந்தி. பகல் வெளிச்சம்தான் எங்களுடைய இருட்டு. அதில் நின்றுகொண்டு, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்ற திருப்தியோடு, இல்லை என்றோம். இன்னொன்றும் செய்தோம். படிவத்தில் சப்த அளவு என்று ஒரு வரி இருந்தது. நண்பன் அதற்கான கருவியை நீட்டிப் பிடித்து அளவு சொன்னான், குறைவு, அமைதியான இடம். பூச்சி தின்னும் வௌவால்களின் குரல் பெரும்பாலும் நம் காதின் எல்லைக்கு, விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு, மேலே இருக்கிறது. கண் குருடாக்கப்பட்ட வௌவால் தடுமாறாமல் பறக்கிறது, காதை அடைத்தால் முட்டிக்கொள்கிறது என்று 1790களிலேயே இத்தாலியில் ஸ்பல்லன்ஸானியும் ஜெனீவாவில் ஜூரினும் சோதித்துச் சொன்னார்கள். எதைக் கேட்டுப் பறக்கிறது என்பது 1938 வரை தெரியவில்லை. ஹார்வர்டில் மாணவனாக இருந்த டொனால்ட் க்ரிஃபின், பியர்ஸ் என்ற பௌதிகப் பேராசிரியர் செய்து வைத்திருந்த கருவியின் முன்னால் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோது, மௌனமான பிராணி என்று கருதப்பட்டது சதா கத்திக்கொண்டிருப்பது தெரியவந்தது. ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து வருஷம் மனிதன் தன் செவிட்டுத்தனத்தை அதன் மௌனமாக எழுதி வந்திருக்கிறான். எங்கள் படிவத்தில் 'அமைதியான இடம்' என்றிருப்பதும் அந்த வரிசையில் சேரும்.

சில வாரம் கழித்து, சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அந்தக் காவல்காரரைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேச்சுவாக்கில், "சாயங்காலமா வந்திருந்தா நல்லா இருக்கும் சார். இந்தத் துரிஞ்சல் பண்ற ரோதனை, குடிசையில வெளக்கு வெக்க முடியாது, பூச்சியத் தேடி உள்ளயே பூந்துடுது" என்றார். அன்னிக்குக் கேட்டப்ப இல்லேன்னீங்களே பெரியவரே என்றேன். "நீங்க வௌவால இல்ல கேட்டீங்க?" என்றார்.

அவர் சொன்னது சரி. அவருக்கு வௌவால் என்றால் பழந்தின்னி. நாய் முகம், நாலடி இறக்கை, ஆலமரத்திலும் புளியமரத்திலும் தலைகீழாகத் தொங்குவது, வாதுமைப் பழத்தைச் சப்பிவிட்டு விடியற்காலையில் வாசலில் கொட்டையைப் போட்டுவிட்டுப் போவது. பாறை இடுக்கிலும் பாழுங்கிணற்றிலும் கோயில் பிராகாரத்து இருட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னது துரிஞ்சில். அகராதியில் உள்ள சொல்தான், பேச்சில் துரிஞ்சல். நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறோம். அவரிடம் இரண்டு சொல் இருந்தது. அந்த இரண்டில் தவறான ஒன்றைக் கேட்டோம், நேர்மையாகப் பதில் சொன்னார், 'உள்ளூர் விசாரணை: இல்லை' என்று அதையும் எழுதிக்கொண்டோம். உள்ளூர் மக்களின் அறிவை மதிக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் எல்லா அறிக்கைகளின் முன்னுரையிலும் இருக்கிறது. எந்தச் சொல்லால் கேட்பது என்பது முன்னுரையில் இல்லை.

சட்டத்தின் அகராதியும் எங்களுடையதைவிட மேலாக இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நெடுநாள் வௌவால்களின் நிலைமை இது: சாலிம் அலியின் பெயர் கொண்ட பழந்தின்னி வௌவாலும், ராட்டன் பெயர் கொண்ட வால் நீண்ட வௌவாலும், ஆக இரண்டு இனங்கள் முதல் அட்டவணையில், புலி யானையோடு. மற்றப் பழந்தின்னிகள் ஐந்தாவது அட்டவணையில், எலி காகத்தோடு, தீங்குயிர்கள் என்ற பெயரில். யார் வேண்டுமானாலும் கொல்லலாம். துரிஞ்சில் வகையறா எந்த அட்டவணையிலும் இல்லை. கொல்லத் தகுந்தவை என்று சொல்வதற்காவது ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். இவற்றை அந்த அளவுக்கும் யாரும் பார்க்கவில்லை. தீங்குயிர்ப் பட்டியலை 2022 திருத்தம் எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஐம்பது வருஷம் சட்டப்படி பூச்சியாக இருந்த பிராணி ஒரு நாள் காலையில் அப்படி இல்லாமல் போனது. காஃப்காவைத் திருப்பிப் போட்டது மாதிரி.

இனி கோலார். நம்மில் பலருக்குக் கோலார் என்றால் தங்கச் சுரங்கம், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஜனங்கள் பூமிக்கடியில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த இடம், 2001-இல் மூடப்பட்டது. அதே மாவட்டத்தில் மேலே கருங்கல். 1994-இல் காக் என்ற ஜெர்மானியரும் எச்.ஆர். பட்டும் அங்கே ஒரு புது வௌவாலை விவரித்தார்கள். ஹிப்போசிடெராஸ் ஹைப்போஃபில்லஸ், கோலார் இலைமூக்கு வௌவால். நாங்கள் பள்ளத்தில் தேடாத துரிஞ்சில் வர்க்கத்தைச் சேர்ந்ததுதான். பின்னால் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பார்கவி ஸ்ரீநிவாசுலுவும் ஸ்ரீநிவாசுலுவும் தேடிப் போனபோது முதலில் சொல்லப்பட்ட இடத்தில் அது இல்லை. ஹனுமனஹள்ளி என்ற கிராமத்தில் ஒரே ஒரு குகையில் இருந்தது. இருநூறுக்கும் குறைவு. உலகத்தில் மொத்தமே அவ்வளவுதான், தெரிந்த வரையில். குகையைச் சுற்றிக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பாறைக்குள் தொங்குகிறதற்கு வெடி என்பது சப்தம் மாத்திரம் அல்ல. தொங்குகிற கூரையே அதிர்கிறது. 2016-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது; குகையைச் சுற்றிக் கல்லுடைப்பு தடுக்கப்பட்டது. நல்ல காரியம். சந்தோஷப்பட வேண்டிய காரியம்.

ஆனால் இந்தச் சந்தோஷத்தின் தர்க்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஹனுமனஹள்ளியின் கல் ஏன் நின்றது? இருநூறு என்ற எண்ணால் நின்றது. இருபதாயிரம் என்றால் நின்றிருக்குமா? அபூர்வம்தான் மதிப்பு என்றால், ஒரு பிராணிக்கு மதிப்பு உண்டாக்குவதற்குச் சுலபமான வழி அதை முக்கால்வாசி ஒழித்துவிடுவது. நாமே ஒழித்து, மிச்சத்துக்கு நாமே விலை போட்டு, அந்த விலையை நம்முடைய கருணை என்று சொல்லிக்கொள்கிறோம். பல்லாவரத்துப் பள்ளத்துத் துரிஞ்சில் அநேகமாக ஊரெங்கும் இருக்கிற சாதாரண இனம்தான். அபூர்வமாக ஒன்றும் இருக்காது. அதனால் நான் எழுதியது எந்த இனத்தையும் அழித்துவிடவில்லை என்று நண்பன் சமாதானம் சொல்கிறான். அழித்துவிடவில்லை என்பது சரி. ஆனால் கிடைத்த ஒரே சமாதானம் அதன் சாதாரணத்தன்மை என்பது எனக்கு உறுத்துகிறது. என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்து என்னை யாராவது தள்ளுபடி செய்தால் நான் ஒப்புக்கொள்வேனா?

சரி, எண்ணிக்கையை விடுவோம். அபூர்வமானதையாவது கண்டால் கண்டுகொள்கிறோமா? 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்துக்கு வந்து, சாதாரணக் குட்டைமூக்கு வௌவால் என்று சீட்டு ஒட்டப்பட்டு உட்கார்ந்தது. இருபத்து நாலு வருஷம். சாலிம் அலியே நடமாடிய கட்டடம். 1972-இல் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்துக்காரர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு இது புது இனம், இனம் மட்டும் அல்ல, புதுப் பேரினமே என்றார், லாட்டிடென்ஸ் சாலிமலியி. எல்லோரும் பார்க்கும்படி இருந்த ஒன்று காணப்படாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இருட்டு கூட வேண்டாம். ஒரு சீட்டுப் போதும். நாங்கள் வௌவால் என்று கேட்டதும் ஒருவகைச் சீட்டுத்தான்.

இந்தக் கிட்டி 1974-இல் இறந்துபோனார். அதற்கு முந்தின வருஷம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் சை யோக் குகைகளில் அவர் கண்டெடுத்தது கட்டைவிரல் அளவு வௌவால், உலகத்திலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. அவர் பெயர்தான் அதற்கு. சை யோக் என்ற பெயரை அட்லஸில் தேடியபோது கைகால் ஓடவில்லை. ஜப்பானியர் 1942-43-இல் போட்ட சயாம் ரயில் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஸ்லீப்பர் கட்டைக்கு ஒருவராகச் செத்தார்கள் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். சிப்பாய்க் கைதிகளுக்குப் பெயரும் எண்ணும் கல்லறையும் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளி எத்தனை பேர் என்பது இன்றுவரை மதிப்பீடுதான்; ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். இதை வௌவாலோடு சேர்த்துச் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். எண்ணுகிறவன் யாரைப் பார்க்க வந்தான் என்பதுதான் இரண்டு இடத்திலும் விஷயம் என்று எனக்குப் படுகிறது.

என் தொழிலில் இருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். நகைக் கடன் கொடுக்கும்போது தங்கத்தை உரைத்துப் பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வருவார். உரைகல், அமிலம், தராசு. கல் எடை கழித்துத் தங்கத்தின் எடையை மட்டும் எழுதுவார் (பள்ளத்தில் நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர்; கல்லை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழித்தோம்). அவருடைய கூலியைக் கடன் வாங்குகிறவர்தான் கொடுக்கிறார். தொழிற்சாலைதான் தன் ஆய்வாளரை நியமித்துக் கூலி கொடுக்கிறது. 2006 அறிவிக்கையின் ஏற்பாடே அதுதான். ஆக, கூலியில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பித்தளையைத் தங்கம் என்று எழுதினால் நகை மதிப்பீட்டாளர் முன்பணமாக வைத்திருக்கிற டெபாசிட்டில் கை வைப்பார்கள். மறுநாளிலிருந்து உள்ளே விடமாட்டார்கள். அதனால் அவர் சந்தேகம் வந்தால் மறுபடி உரைப்பார். துரிஞ்சிலை இல்லை என்று எழுதியதற்கு யாருடைய டெபாசிட்டும் போகவில்லை. மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கை ஒன்றில் ரஷ்யச் சுரங்க அறிக்கையின் பகுதிகள் அப்படியே வந்துவிட்டன என்று பத்திரிகைகளில் வந்தது. கொங்கணத்தில் பனிநாட்டு மரங்கள்! அதை எழுதியவர் காணாததை இல்லை என்று சொல்லவில்லை. காணாததை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எங்களைவிடத் தாராள மனசு.

ஒரு மனிதன் காணாமல் போனால் சட்டம் என்ன செய்கிறது? கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருஷம் கேள்விப்படாமல் இருந்தால்தான் இறந்தவனாகக் கொள்ளலாம். 1872 சாட்சியச் சட்டம் அப்படிச் சொன்னது. 2023-இல் வந்த புதுச் சட்டமும் ஏழை மாற்றவில்லை. இதிலும் அந்த யோக்யதை நிபந்தனை இருக்கிறதைப் பாருங்கள்: யாரோ கேள்விப்படவில்லை என்றால் போதாது, உயிரோடு இருந்தால் இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் கேள்விப்படாமல் இருக்க வேண்டும். வங்கி இன்னும் பொறுமைசாலி. பத்து வருஷம் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் நிதிக்குப் போகும். ஆனாலும் பதினோராம் வருஷம் ஆள் வந்து நின்றால் கொடுத்தாக வேண்டும். வராதவனை இல்லாதவன் என்று பேரேட்டில் எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. அதே நான், ஒரு சனி ஞாயிறில், பேனாவின் மூடியைக் கழற்றி, ஒரு பாறைச் சுவர் முழுக்கக் காலி என்று எழுதிவிட்டு வந்தேன். தமிழில் காணவில்லை என்ற சொல்லுக்கு இரண்டு முகம். பார்க்கவில்லை என்றும் பொருள்; தொலைந்துவிட்டது, தேடுகிறோம் என்றும் பொருள். ஸ்டேஷன் சுவரில் ஃபோட்டோவோடு ஒட்டியிருக்கிற 'காணவில்லை' இரண்டாவது வகை. படிவத்துக் 'காணப்படவில்லை'யில் அந்தத் தேடல் உதிர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் தாமஸ் நாகெல் ஞாபகம் வருவார். வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டு 1974-இல் அவர் எழுதிய கட்டுரை நம் வட்டத்தில் அடிக்கடி அடிபடுவது. வௌவாலுக்கு அனுபவம் உண்டு என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அது எப்படிப்பட்டது என்பது நமக்கு எட்டாது. வெளியிலிருந்து சேர்க்கிற எந்தத் தகவலும் அந்த உள்பக்கத்தைத் தராது என்பது சாரம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் அளவில் அது ஆடம்பரமான கேள்வி. நாகெல் கேட்பது வௌவால் என்று ஒன்று எதிரே இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு எழுகிற கேள்வி. அதன் உள்பக்கத்தை அறிய முடியாது என்ற அடக்கம் உயர்ந்த அடக்கம்தான். வெளிப்பக்கத்தைப் பார்க்க ஆறே முக்கால் வரை நிற்காதவனுக்கு அந்த அடக்கத்தைப் பேச உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

மறுதரப்பை நான் மறைக்கப் போவதில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களின் கவிதையில் எனக்கு ருசி இல்லை. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் மூடியபோது எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்று இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்ததால் எத்தனை பெண்கள் சம்பளம் என்ற ஒன்றைக் கையில் வாங்கினார்கள் என்பதும் தெரியும். பள்ளத்தை மூடி ஷெட் போட்டால் வேலை கிடைக்கும். அந்தப் பள்ளமே மனிதன் தோண்டியது. கல்லை எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு, மிஞ்சிய விரிசல்களில் துரிஞ்சில் குடிபுகுந்தது. ஆதிவாசி உரிமை ஒன்றும் அதற்குக் கிடையாது. நான் குடியிருக்கிற வீடும் ஏரி ஓரத்தில்தான். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரை தண்ணீர் நின்றபோது, தண்ணீருக்கும் ஒரு பழைய விலாசம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த பிறகும் யாரும் காலி செய்யவில்லை, நானும் செய்யவில்லை. ஆகவே ஷெட் கூடாது என்று நான் சொல்லவில்லை. துரிஞ்சில் இருக்கிறது, இத்தனை இருக்கிறது, அதை அப்புறப்படுத்திவிட்டுத்தான் ஷெட் போடப் போகிறோம் என்று எழுதிவிட்டுப் போட்டிருக்கலாம். அப்படி எழுதினால் யாரோ ஒருவர் ஒரு தீர்மானம் எடுத்ததாக ஆகும். இன்ன தேதியில் இன்னார் இதற்குச் சம்மதித்தார் என்று பெயர் இருக்கும். இல்லை என்று எழுதும்போது யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. காலி இடத்தில் ஒரு கட்டடம் வருகிறது, அவ்வளவுதான். இழப்பு நேர்ந்த இடத்தில் இழந்தவர் இல்லை, இழக்கச் செய்தவரும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர்.

நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றில் நான் எழுதிய மதிப்புரையில், கடந்த பத்தாண்டில் குறிப்பிடும்படியான புதுக்குரல் எதுவும் காணப்படவில்லை என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எழுதியபோது கம்பீரமாக இருந்தது. எந்த வெளிச்சத்தில், எத்தனை மணி வரை, யாரிடம் எந்தச் சொல்லால் விசாரித்துவிட்டு அதை எழுதினேன்? எனக்கு வந்து சேர்ந்த பதினைந்து இருபது தொகுப்புகள், அவற்றை அனுப்பும் பழக்கமுள்ள ஆட்கள், ஒரு வாரக் கடைசி. விமர்சகனின் டெபாசிட்டிலும் யாரும் கை வைப்பதில்லை. அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லலாம். ஆனால் அதனால் காணப்பட்டுவிடப் போகிறவர் யாரும் இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் வங்கியிலிருந்து நேரே பள்ளத்துக்குப் போனேன். பெரியவர் குடிசை வாசலில் ஒரு கல்லில் உட்கார வைத்தார். ஆறரை ஆகியும் ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கப் பாறை கறுத்துக்கொண்டு வந்தது. விமானம் ஒன்று மீனம்பாக்கத்துக்கு இறங்கிப் போனது. "இப்ப பாருங்க" என்றார் பெரியவர். எங்கே என்று கேட்பதற்குள் முகத்துக்கு முன்னால் காற்று அசைந்தது. விரிசலிலிருந்து முதலில் ஒன்றிரண்டு. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு ஒன்று எது இரண்டு எது என்று பிரிக்க முடியாதபடி. சப்தம் ஒன்றுமில்லை. கையில் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். ஐந்து ஐந்தாகக் கோடு போடுவது என்று திட்டம். வங்கியில் நோட்டு எண்ணுகிற கை. நாற்பது வரை போட்டேன். அதற்குள் தாள் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது.

இரவு நண்பனுக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அறிக்கை போய் மூன்று வாரம் ஆகிறது என்றான். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை இருக்கும்?" என்று கேட்டான்.

எண்ண முடியவில்லை என்றேன்.